கீவேர்டு ரிசர்ச்சுக்கு எந்த ஏஐ கருவி? எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்

கீவேர்டு ரிசர்ச் என்றால், ஆட்கள் கூகுளில் எந்தச் சொற்களை அடித்துத் தேடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். சின்னத் தளம் நடத்துகிறீர்கள், பெரும்பாலும் தமிழில் எழுதுகிறீர்கள் என்றால் கூகுள் சர்ச் கன்சோல் (உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டுவது), கூகுள் கீவேர்டு பிளானர் (விளம்பரதாரர்களுக்காக, ஒரு சொல் எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டுவது), அப்புறம் ஏதாவது ஒரு சாட்பாட், இந்த மூன்றும் போதும். மூன்றையும் காசில்லாமலே ஓட்டலாம். செம்ரஷ், அஹ்ரெஃப்ஸ் மாதிரியான கட்டணக் கருவிகள் நல்ல கருவிகள்தான், ஆனால் வருடம் முழுக்கச் சந்தா கட்டும் அளவுக்கு உங்களிடம் வேலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். "ஏஐ கீவேர்டு டூல்" என்று பெயர் போட்டுக்கொண்டு புதிதாக வரும் குட்டிக் கருவிகளில் பெரும்பாலானவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் பார்த்துக்கொள்வது பாரம்பரிய அரிசி விற்கும் ஒரு சிறு கடையின் தளம். கருப்பு கவுனி, மாப்பிள்ளை சம்பா, பூங்கார், காட்டுயானம், தூயமல்லி என்று ரகத்துக்கு ஒரு விற்பனைப் பக்கம், அதுபோக சமையல் குறிப்புகள், ரகங்களைப் பற்றிய கட்டுரைகள். அதனால் இங்கே சொல்லும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் அரிசியாகவே இருக்கும். நீங்கள் புடவை விற்றாலும் டியூஷன் எடுத்தாலும் கணக்கு ஒன்றுதான்.

எந்தக் கருவியைத் திறந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, திரையில் தெரியும் இந்த எண் எங்கிருந்து வந்தது என்பது. கூகுளில் ஒரு சொல்லை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பது கூகுளுக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும். மற்ற எல்லாருமே மதிப்பிடுகிறார்கள். பெரிய கருவிகள் கீவேர்டு பிளானர் தரும் எண்களையும், கிளிக்ஸ்ட்ரீம் என்று சொல்லப்படும், பயனர்கள் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போகிறார்கள் என்ற தரவையும் கலந்து ஒரு மதிப்பீட்டுக்கு வருகின்றன. அந்தக் கிளிக்ஸ்ட்ரீம் தரவு எவ்வளவு நிலையில்லாதது என்பதற்கு ஜம்ப்ஷாட் நிறுவனமே சாட்சி: அவாஸ்ட் ஆன்டிவைரஸ் பயனர்களின் உலாவல் தரவை விற்கிறது என்று செய்திகள் வெளியானதும் 2020 ஜனவரியில் அதை மூடிவிட்டார்கள், அதை நம்பியிருந்த மார்க்கெட்டிங் கருவிகள் வேறு மூலத்தைத் தேட வேண்டியதாயிற்று. அதேபோல 2025 செப்டம்பரில் ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளைக் காட்டும் வசதியை கூகுள் எடுத்துவிட்டது. ஒரு தளம் தேடல் முடிவில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று ரேங்க் பார்க்கும் கருவிகள் எல்லாம் தடுமாறின. பல தளங்களுக்கு சர்ச் கன்சோலில் இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் தளம் எத்தனை முறை காட்டப்பட்டது என்ற) கணக்கே சட்டென்று இறங்கியது, அதுவரை இந்தக் கருவிகள் பார்த்த பார்வையும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்ததுதான் காரணம் என்று, தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலை செய்கிற எஸ்இஓக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஆக, நாம் சந்தா கட்டுகிற எண்களின் அடியில் இருக்கும் மண் அடிக்கடி நகர்கிறது. இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது ஒரு மாதிரி, தெரியாமல் வாங்குவது வேறு மாதிரி.

இப்போது சாட்பாட்டுக்கு வருவோம். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் எதுவானாலும், வேறு தரவோடு இணைக்கப்படாத நிலையில் அவற்றிடம் சர்ச் வால்யூம், அதாவது மாதத் தேடல் எண்ணிக்கை, கிடையாது. "கருப்பு கவுனி அரிசி பற்றிய கீவேர்டுகளும் அவற்றின் மாதத் தேடல் எண்ணிக்கையும் கொடு" என்று கேட்டால் அழகான அட்டவணை போட்டுத் தரும் வாய்ப்பு அதிகம், அந்த எண்களுக்கு எந்த ஆதாரமும் இருக்காது. சாட்பாட்டின் அடியில் இருக்கும் மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்) என்பது அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிக்கும் இயந்திரம். அட்டவணையில் எண் வர வேண்டிய இடத்தில் எண் மாதிரி ஒன்றை வைத்துவிடும். இணையத்தில் தேடிச் சொல்லும் வசதி இருந்தாலும் அது எடுப்பது யாரோ எப்போதோ எழுதி வைத்த எண்ணைத்தான். அதனால் என் முதல் விதி, சாட்பாட்டிடம் எண் கேட்பதே இல்லை, "வால்யூம், டிஃபிகல்ட்டி எதுவும் தராதே" என்று ப்ராம்ப்டிலேயே, அதாவது அதற்குக் கொடுக்கும் கட்டளையிலேயே, எழுதிவிடுவேன் (டிஃபிகல்ட்டி என்பது ஒரு சொல்லுக்கு முதல் பக்கத்தில் வருவது எவ்வளவு கடினம் என்ற எண்).

அப்படியென்றால் சாட்பாட் எதற்கு? மூன்று வேலைகளுக்கு அதை அடிக்க வேறு கருவி இல்லை என்பேன், அதில் முதலாவது தமிழர்களுக்கே உரியது. நம் ஆட்கள் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், ஆளுக்கொரு விதமாக அடிப்பார்கள். வாழைப்பூவில் வரும் ழகரத்துக்கு இசட்-எச் போடுகிறவர்கள் உண்டு, வெறும் எல் போடுகிறவர்கள் உண்டு, இசட் மட்டும் போடுகிறவர்களும் உண்டு. காட்டுயானத்துக்கு ஒரு டி, இரண்டு டி, நெடிலுக்கு ஒரு ஏ, இரண்டு ஏ என்று கூட்டினால் ஒரே அரிசிக்கு எத்தனையோ எழுத்து வடிவங்கள் வரும். தமிழ் எழுத்திலேயே கவுனி, கவுணி, கவனி என்று மூன்று விதம். இதையெல்லாம் உட்கார்ந்து கையால் எழுதுவது பெரிய தலைவலி. சாட்பாட்டிடம், "தமிழ்நாட்டில் சாதாரண ஆட்கள் போனில் ஆங்கில எழுத்தில் இந்தச் சொல்லை எப்படியெல்லாம் அடிப்பார்கள், பிழையான வடிவங்களும் சேர்த்து எழுது" என்று கொடுத்தால் சில நொடிகளில் பட்டியல் வரும். அதில் நாலைந்து யாருமே அடிக்காத வடிவமாக இருக்கும், பரவாயில்லை. பட்டியலை அப்படியே கீவேர்டு பிளானரில் ஒட்டினால் எதற்கு எண் வருகிறது, எதற்கு வரவில்லை என்று தெரிந்துவிடும். கற்பனை ஏஐயிடமிருந்து, எண் கூகுளிடமிருந்து. இந்த ஒரு வேலைக்காகவே நான் சாட்பாட்டை விட மாட்டேன்.

இரண்டாவது வேலை, தரம் பிரிப்பது. சர்ச் கன்சோலிலிருந்து குவெரி (ஆட்கள் தேடிய சொற்றொடர்) பட்டியலை இறக்கி சாட்பாட்டிடம் கொடுத்து, தேடுகிறவரின் நோக்கப்படி பிரிக்கச் சொல்வேன். "கருப்பு கவுனி அரிசி பயன்கள்" என்று தேடுகிறவர் படிக்க வந்தவர். "கருப்பு கவுனி அரிசி விலை 1 கிலோ" என்று தேடுகிறவர் பர்ஸைக் கையில் எடுத்துவிட்டார். "கருப்பு கவுனி கஞ்சி செய்முறை" என்று தேடுகிறவர் வீட்டில் அரிசி ஏற்கெனவே இருக்கிறது. இந்த மூன்று பேரையும் ஒரே பக்கத்துக்கு இழுக்க நினைத்தால் மூன்று பேருமே திரும்பிப் போய்விடுவார்கள். இந்தப் பிரிப்பைத் தமிழில் சாட்பாட்கள் இப்போது ஓரளவு நன்றாகவே செய்கின்றன, ஆங்கில எழுத்தில் அடித்த தமிழையும் பெரும்பாலும் புரிந்துகொள்கின்றன. ஆனால் நீளமான பட்டியலைக் கொடுத்தால் நடுவில் சில வரிகளை விட்டுவிடும், அல்லது கொடுக்காத வரி ஒன்றைச் சேர்த்துவிடும். அதனால் சின்னச் சின்னத் துண்டாகக் கொடுங்கள், வரி எண்ணோடு கொடுங்கள், திரும்பி வந்ததும் வரிகளை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது வேலை, வாடிக்கையாளர் பேச்சைக் கீவேர்டாக மாற்றுவது. வாட்ஸ்அப்பில் ஆட்கள் கேட்ட கேள்விகளை, பெயர், எண் எல்லாம் நீக்கிவிட்டு, மொத்தமாகக் கொடுத்து "இவர்கள் இதையே கூகுளில் தேடியிருந்தால் எப்படி அடித்திருப்பார்கள்" என்று கேட்பது. "இது எத்தனை மணி நேரம் ஊறணும்?", "குக்கர்ல எத்தனை விசில்?", "இட்லிக்கு இதை மட்டும் போட்டா மாவு பொங்குமா?" இந்த மாதிரிக் கேள்விகள் எந்தக் கீவேர்டு கருவியும் தராத தங்கம். ஒவ்வொரு நாளும் கூகுளுக்கு வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதற்கு முன் வந்தே இராதவை என்று கூகுளே பலமுறை சொல்லியிருக்கிறது. அதற்கெல்லாம் எந்தக் கருவியிலும் வால்யூம் இருக்க வாய்ப்பே இல்லை. கடைக்காரருக்கு வரும் கேள்விதான் அந்த 15 சதவீதத்துக்குள் நுழையும் வாசல்.

சாட்பாட் சறுக்கும் இடமும் சொல்ல வேண்டும். தமிழில் கீவேர்டு கேட்டால் புத்தக நடையில் தரும். "கருப்பு கவுனி அரிசியின் மருத்துவ குணங்கள் மற்றும் ஊட்டச்சத்து நன்மைகள்" என்று யாரும் போனில் அடிப்பதில்லை. ஆங்கிலத்தில் "பெஸ்ட்", "டாப் 10" என்று இருப்பதை அப்படியே "சிறந்த 10 அரிசி வகைகள்" என்று மாற்றித் தரும். நம் ஊரில் கடை தேடுகிறவர் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுவார், ரகத்தை மீட்ட நெல் ஜெயராமன் பெயரைப் போட்டுத் தேடுவார், "நாட்டு அரிசி", "பழைய கால அரிசி" என்றெல்லாம் தேடுவார். இதையெல்லாம் நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். "பேச்சு வழக்கில், மூன்று நான்கு சொல்லுக்கு மேல் போகாமல், போனில் அவசரமாக அடிப்பது போல" என்று சேர்த்துக் கேட்டால் கொஞ்சம் தேறும்.

இன்னொன்று முக்கியம். உணவுப் பொருள் என்றாலே சாட்பாட் நோய்ப் பெயர்களைச் சேர்த்துக் கீவேர்டு தரும், சர்க்கரை நோய்க்கு, மூட்டு வலிக்கு, புற்றுநோய்க்கு என்று. தேடுகிறவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். ஆனால் உணவு விற்கிறவர் தன் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யக் கூடாது, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018 விளம்பர விதிகள் அதற்கென்றே இருக்கின்றன. நோயாளி ஒருவர் நம் பக்கத்தைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால் அதற்கு யார் பொறுப்பு? எவ்வளவு வால்யூம் இருந்தாலும் சில கீவேர்டுகளை நான் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுவேன். இந்த முடிவை எந்தக் கருவியும் உங்களுக்காக எடுக்காது.

சரி, எண்ணுக்கு கீவேர்டு பிளானர். கூகுள் ஆட்ஸ் கணக்கு ஒன்று வேண்டும், விளம்பரம் ஓட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம், இடத்தைத் தமிழ்நாடு என்று சுருக்கலாம், இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று தனித்தனியாகவும் பார்க்கலாம். 2018 பிப்ரவரியில் கூகுள் தன் விளம்பரச் சேவைகளில் தமிழைச் சேர்த்தது, தமிழ்த் தளங்கள் ஆட்சென்ஸ் (தளத்தில் கூகுள் விளம்பரம் காட்டி வருமானம் பெறும் சேவை) போட ஆரம்பித்ததும் அப்போதிலிருந்துதான். குறை என்னவென்றால், விளம்பரத்துக்குச் செலவு செய்யாத கணக்குக்கு 100 முதல் 1,000 வரை, 1,000 முதல் 10,000 வரை என்று அகலமான வரம்பாகத்தான் காட்டும். 1,100க்கும் 9,000க்கும் வித்தியாசம் தெரியாது. நெருக்கமான எழுத்து வடிவங்களை ஒன்றாகச் சேர்த்தும் காட்டும். அதில் இருக்கும் "போட்டி" என்ற நெடுவரிசையைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். அது விளம்பரதாரர்களுக்கு இடையிலான போட்டி, நம் கட்டுரை முதல் பக்கத்துக்கு வருமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதே சமயம் அங்கே காட்டும் ஏலத் தொகையை நான் கவனமாகப் பார்ப்பேன். ஒரு சொல்லுக்கு விளம்பரதாரர்கள் காசு கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்றால் அந்தச் சொல்லில் விற்பனை நடக்கிறது என்று பொருள்.

சர்ச் கன்சோலைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். அது மதிப்பீடு கிடையாது, உங்கள் தளத்துக்கு உண்மையில் நடந்தது. 16 மாதத் தரவு இருக்கும், போன தீபாவளிக்கும் இந்தத் தீபாவளிக்கும் ஒப்பிடலாம். திரையில் 1,000 வரிதான் காட்டும், மிகச் சிலரே தேடிய குவெரிகளைத் தனியுரிமைக்காக மறைத்துவிடும், ஆகவே மொத்த கிளிக்கும் வரிகளின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகாது, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். நான் தேடுவது எட்டாம் இடத்திலிருந்து இருபதாம் இடம் வரை நிற்கும் குவெரிகளை. கூகுள் ஏற்கெனவே நம்மை அந்தச் சொல்லுக்குப் பொருத்தமானவர் என்று எண்ணிவிட்டது, இன்னும் கொஞ்சம் தள்ளினால் மேலே போகலாம். புதிதாக ஆயிரம் கீவேர்டு தேடுவதைவிட இந்தப் பட்டியலில் உழைப்பது பத்து மடங்கு மேல் என்பது என் திடமான எண்ணம். 2025 இறுதியில் ஒத்த குவெரிகளை ஏஐ கொண்டு தானாகவே குழுவாக்கிக் காட்டும் வசதியையும் கூகுள் இதன் இன்சைட்ஸ் பகுதியில் கொண்டுவந்தது, ஆனால் குவெரி நிறைய உள்ள தளங்களுக்குத்தான் அது பயன்படும்.

கூகுள் ட்ரெண்ட்ஸ் பற்றி ஒரு வரி: அது எண்ணிக்கை தராது, 0 முதல் 100 வரையான ஒப்பீட்டு அளவுதான் தரும், பருவம் பார்க்க நல்லது, சின்னச் சொற்களுக்குத் தரவே வராது.

இப்போது கட்டணக் கருவிகள். அஹ்ரெஃப்ஸில் எனக்குப் பிடித்தது, முதல் பத்து முடிவுகளில் யார் இருக்கிறார்கள், அந்தப் பக்கங்கள் வேறு எந்தெந்தச் சொல்லுக்கெல்லாம் வருகின்றன என்று ஒரே இடத்தில் காட்டுவது. போட்டித் தளத்தின் முகவரியைப் போட்டு அவர்களுக்கு வந்து நமக்கு வராத சொற்களை எடுக்கலாம், இந்த வேலையை எந்தச் சாட்பாட்டும் தனியாகச் செய்ய முடியாது. அதன் கீவேர்டு டிஃபிகல்ட்டி, முதல் பத்துப் பக்கங்களுக்கு எத்தனை தளங்கள் லிங்க் கொடுத்திருக்கின்றன என்பதை வைத்துப் போடுவது. ஆங்கிலத்தில் அது நல்ல அளவுகோல். தமிழில் யாரும் யாருக்கும் அவ்வளவாக லிங்க் கொடுப்பதில்லை, அதனால் பெரும்பாலான தமிழ்ச் சொற்களுக்கு டிஃபிகல்ட்டி பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். பூஜ்யம் என்றதும் எளிது என்று குதிக்காதீர்கள். போனை எடுத்து அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள், மேலே யூடியூப் வீடியோ வரிசை, அதற்குக் கீழே பெரிய செய்தித் தளங்கள், அப்புறம் ஏஐ பதில் என்று நிற்கும். லிங்க் இல்லாவிட்டாலும் அவர்களை அசைப்பது கஷ்டம்.

செம்ரஷில் உங்கள் தளத்தின் முகவரியைக் கொடுத்தால் "உங்களுக்கு" இந்தச் சொல் எவ்வளவு கடினம் என்று ஏஐ கணக்குப் போட்டுத் தனி எண் ஒன்று தருகிறார்கள். யோசனை அருமை. ஆங்கிலத்தில் எழுதும் தளத்துக்கு இதை நம்பி முடிவெடுக்கலாம் என்பேன். கீவேர்டு மேஜிக் டூல் என்ற பகுதியும் ஒரு சொல்லிலிருந்து கிளை கிளையாகப் போக வசதியாக இருக்கிறது. இலவசக் கணக்கில் நாளுக்குப் பத்துத் தேடல் கிடைக்கும், சிறு தளத்துக்கு அதுவே நிறைய. இரண்டு கருவிகளுக்கும் பொதுவான ஒரு வரம்பு, தரவைப் பெரும்பாலும் நாடு வாரியாக வைத்திருக்கின்றன. இந்தியா என்று பார்த்தால் தமிழ்ச் சொல்லுக்கான இந்திய மதிப்பீடு வரும், யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ தேடுகிறவர் அதில் இல்லை. புலம்பெயர்ந்த தமிழர்களுக்கு எழுதுகிறவர்கள் ஒவ்வொரு நாடாக மாற்றிப் பார்க்க வேண்டும், தமிழ் எழுத்துச் சொற்களுக்குப் பல நாடுகளில் காலியாகவே இருக்கும்.

2025 இறுதியில் அஹ்ரெஃப்ஸின் ஆரம்பத் திட்டம் மாதம் 29 டாலர், அதற்கு மேலான லைட் 129 டாலர் என்று இருந்தது. செம்ரஷின் ப்ரோ 139.95 டாலராக இருந்தது. அதோடு வரி, கார்டுக்காரரின் பரிமாற்றக் கட்டணம். ஒரு சிறு கடைக்கு இது பெரிய செலவு. சொந்தத் தளத்தை மட்டும் பார்க்க அஹ்ரெஃப்ஸின் வெப்மாஸ்டர் டூல்ஸ் இலவசம், தள உரிமையை உறுதிப்படுத்தினால் போதும். முதலில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவற்றை வேகமாகக் கடக்கிறேன். ஊபர்சஜஸ்ட் மலிவு, ஆரம்பிக்கிறவர்களுக்குப் பரவாயில்லை. ஆன்சர் தி பப்ளிக், ஆல்ஸோ ஆஸ்க்ட் இரண்டும் கேள்வி வடிவச் சொற்களைப் படமாகப் போட்டுக் காட்டும், ஆங்கிலத்தில் அழகு, தமிழில் மெலிவு; கூகுள் பெட்டியில் ஒவ்வோர் எழுத்தாக அடித்து வரும் பரிந்துரைகளைப் பார்ப்பதே அதற்கு ஈடு. கீவேர்ட்ஸ் எவ்ரிவேர் கிரெடிட் கணக்கில் பயன்படுத்துவது, கூகுளில் தேடும்போதே பக்கத்தில் எண் தெரியும்.

இப்போது "ஏஐ கீவேர்டு டூல்" என்ற புது வகை. இவற்றில் பலவும் பின்னால் ஒரு மொழி மாதிரியை அழைத்துவிட்டு முன்னால் ஒரு பெட்டியும் பட்டனும் வைத்தவை. நீங்களே சாட்பாட்டில் ஒரு நல்ல ப்ராம்ப்ட் எழுதினால் அதே பட்டியல் வரும். வால்யூம் காட்டுகிறார்கள் என்றால் அந்த எண் யாரிடமிருந்து வாங்கியது என்று தளத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவில்லை என்றால் மின்னஞ்சலில் கேளுங்கள். நேர்மையான கருவிக்காரர் பதில் சொல்லிவிடுவார். மழுப்பினால் அடுத்த கடை. அதிலும் ஒரே சொடுக்கில் கீவேர்டு எடுத்து ஒரே சொடுக்கில் நூறு கட்டுரை எழுதித் தருகிறோம் என்பவர்களிடமிருந்து ஓடியே போய்விடுங்கள். ஆளுக்குப் பயன்படாத பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் சேர்த்தது, ஏஐ எழுதினாலும் மனிதர் எழுதினாலும் விதி ஒன்றுதான். வருடக்கணக்காகச் சேர்த்த தளத்தின் பெயரை ஒரு மாத அவசரத்தில் இழக்க வேண்டாம்.

ஒரு கருவியின் எண்ணை நம்பலாமா என்று நீங்களே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சர்ச் கன்சோலில், மாதம் முழுக்க முதல் மூன்று இடத்துக்குள் அசையாமல் நின்ற சில குவெரிகளை எடுங்கள், இந்தியாவுக்கு மட்டும் வடிகட்டுங்கள். அந்த இடத்தில் நிற்கும் சொல்லுக்கு உங்கள் இம்ப்ரெஷன் கிட்டத்தட்ட மொத்தத் தேடல் அளவுக்குச் சமம். இப்போது அதே சொற்களுக்குக் கருவி என்ன எண் காட்டுகிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். துல்லியமாகப் பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம். எது பெரிய சொல், எது சின்னச் சொல் என்ற வரிசையாவது ஒத்துப்போகிறதா? வரிசையே தலைகீழாக இருந்தால் அந்தக் கருவி உங்கள் துறைக்கு உதவாது. இலவசச் சோதனைக் காலத்தில் முதலில் செய்ய வேண்டியது இதுதான், அதன் ஆயிரம் வசதிகளைச் சுற்றிப் பார்ப்பது அப்புறம்.

வால்யூம் சரியாகவே இருந்தாலும் கிளிக் வருமா என்பது தனிக் கேள்வி. 2024 ஆகஸ்டில் கூகுளின் ஏஐ ஓவர்வியூ (தேடல் முடிவுகளுக்கு மேலே ஏஐ எழுதிக் காட்டும் பதில்) இந்தியாவுக்கு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்தது, அடுத்த ஆண்டு இன்னும் பல மொழிகளுக்குப் பரவியது. "எத்தனை மணி நேரம் ஊற வேண்டும்" என்ற கேள்விக்குப் பதில் தேடல் பக்கத்திலேயே கிடைத்துவிட்டால் யார் உள்ளே வருவார்கள்? அதனால் ஒற்றை வரிப் பதில் உள்ள சொற்களை நான் இப்போது பின்னுக்குத் தள்ளிவிட்டேன். விலை, ஒப்பீடு, எந்த ரகம் எந்தச் சமையலுக்கு, வாங்கும்போது கலப்படம் எப்படிப் பார்ப்பது, சமைத்துக் காட்டும் படங்கள், இந்த மாதிரிப் பக்கங்களுக்கு ஆட்கள் இன்னும் வருகிறார்கள். பட்டியலை இறுதி செய்யும்முன் ஒவ்வொரு சொல்லையும் போனில் தேடி, மேலே என்ன வருகிறது என்று கண்ணால் பார்ப்பதைக் கட்டாயம் செய்யுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் கருவி சொல்லாத பாதி விஷயம் அங்கேதான் தெரியும்.

சாட்பாட்களில் உங்கள் கடை பெயர் வருகிறதா என்று கண்காணிக்கும் கருவிகளும் வந்துவிட்டன, செம்ரஷ், அஹ்ரெஃப்ஸ் இரண்டும் விற்கின்றன. பெரிய பிராண்டுகளுக்கு அது தேவைப்படலாம். அதில் "இந்தக் கேள்வியை மாதம் இத்தனை பேர் சாட்பாட்டிடம் கேட்கிறார்கள்" என்று வரும் எண்ணை மட்டும் உண்மையான கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். யார் என்ன கேட்கிறார்கள் என்ற பட்டியலை ஓபன்ஏஐ வெளியிடுவதில்லை, அதுவும் மதிப்பீடுதான்.

உண்மையிலேயே எனக்கு உற்சாகம் தந்த வளர்ச்சி வேறு ஒன்று. எம்சிபி என்ற இணைப்பு முறை மூலம் அஹ்ரெஃப்ஸ், செம்ரஷ் தரவைச் சாட்பாட்டோடு நேரடியாகக் கோக்க முடிகிறது. அப்போது சாட்பாட் எண்ணைக் கற்பனை செய்யத் தேவையில்லை, கருவியிடம் கேட்டு வாங்கி, பிரித்து, நோக்கப்படி அடுக்கித் தருகிறது. மூளை ஓரிடம், கணக்கு இன்னோரிடம் என்று இருந்தது ஒன்றாகிறது. பல வாடிக்கையாளர்களைப் பார்க்கும் ஏஜென்சிக்காரர்கள் காசு போட்டால் இதில் போடலாம். அப்போதும் எந்த எண் கருவியிடமிருந்து வந்தது, எது சாட்பாட் தானாகச் சொன்னது என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சாட்பாட்டில் எது என்று கேட்டால், இந்த வேலைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. இந்தியாவில் 2025 சலுகைக் காலமாகவும் இருந்தது: 2025 ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்கு பெர்ப்ளெக்ஸிட்டி ப்ரோவை ஓராண்டு இலவசமாகக் கொடுத்தது, அக்டோபர் இறுதியில் ஜியோ ஜெமினியின் ப்ரோ திட்டத்தை 18 மாதத்துக்கு இலவசமாக அறிவித்தது, ஆகஸ்டில் மாதம் 399 ரூபாய்க்கு வந்த "சாட்ஜிபிடி கோ" திட்டத்தை நவம்பரில் ஓபன்ஏஐ ஓராண்டு இலவசமாக்கியது. உங்கள் சிம்முக்கோ கணக்குக்கோ இவற்றில் எது ஏற்கெனவே கிடைத்திருக்கிறதோ அதை வைத்தே ஆரம்பியுங்கள், இதற்கென்று தனியாகக் காசு கட்ட வேண்டாம்.

டெலிகிராமில் "குரூப் பை" என்று நூறு இருநூறு ரூபாய்க்குப் பெரிய கருவிகளின் லாகின் விற்கிறார்களே, அதை மட்டும் தொடாதீர்கள். கருவிக்காரரின் விதிகளுக்கு விரோதம் என்பது ஒரு பக்கம், முகம் தெரியாத ஒருவர் கொடுக்கும் எக்ஸ்டென்ஷனை உங்கள் உலாவியில் போடச் சொல்வார்கள், அதே உலாவியில்தான் உங்கள் சர்ச் கன்சோலும் மின்னஞ்சலும் வங்கிக் கணக்கும் திறந்திருக்கும்.

யார் எதை வாங்கலாம் என்று கேட்டால் என் பதில் இப்படி. தமிழில் மட்டும் எழுதும் தனி ஆள் எதையும் வாங்க வேண்டாம். ஆங்கிலத்திலும் விற்கிற, வெளிநாட்டுக்கு அனுப்புகிற கடை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு மாதம் அஹ்ரெஃப்ஸோ செம்ரஷோ எடுத்தால் போதும். அந்த மாதத்துக்கு முன்பே சாட்பாட்டில் விதைச் சொற்கள் (தேடலைத் தொடங்கும் அடிப்படைச் சொற்கள்), போட்டித் தளங்களின் பட்டியல், எழுத்து வடிவங்கள் எல்லாம் தயாராக வைத்திருங்கள், சந்தா தொடங்கிய நாளிலிருந்து எண்களை மட்டும் அள்ளலாம். ஏஜென்சிக்காரர்களுக்கு ஆண்டுச் சந்தா கட்டுப்படியாகும், இரண்டில் ஒன்று போதும், இரண்டும் வேண்டாம். எதை எடுத்தாலும் தானாகப் புதுப்பிக்கும் வசதியை வாங்கிய அன்றே அணைத்துவிடுங்கள், சந்தா முடியும்முன் பட்டியல்களை எல்லாம் சிஎஸ்வியாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கோப்பின் பெயரில் எந்தக் கருவி, எந்த நாடு, எந்த மாதம் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.